பாதி வழியில் திருப்பி அனுப்பிய சாமி

பம்பை கட்டக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். வேண்டுகோள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உத்தரவு என்றே எடுத்துக்கொள்ளலாம். எடுத்த எடுப்பிலேயே மலையேற்றுப் பாட்டைப் பாடுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வெளி ஆட்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு விளக்கம். பம்பை அடித்து, வர்ணித்துப் பாடி, அங்காளம்மனை ஆள் மேல் இறக்குவது எங்கள் தொழிலில் ஒரு பாதி. வந்த சாமியை மலையேறச் சொல்லிப் பாடி, அந்த ஆளைப் பழையபடி வீட்டுக்காரர்களிடம் ஒப்படைப்பது மறுபாதி. முதல் பாதிக்குக் கைத்தட்டல் கிடைக்கும். இரண்டாவது பாதியில்தான் தொழில் இருக்கிறது.

போன அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். அடிக்கப் போகவில்லை. இடுப்பு ஒத்துவராமல் நான் பம்பையை இறக்கிவைத்தது உங்களுக்குத் தெரியும். சும்மா கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்க்கப் போனேன். ஒரு மரத்தடியில் நம் பிள்ளைகள் ஒரு செட்டு. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை, காலரில் மைக், எதிரில் மூன்றுகால் கம்பியில் செல்போன். தொடக்கத்தில் துணை வேண்டிப் பாடும் காப்புப் பாட்டு முடிந்த கையோடு 'மலையேறு தாயே' என்று ஆரம்பித்தார்கள். எதிரில் ஒரு அம்மாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, சாமி வரும் வரும் என்று கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருக்கிறார். இவர்கள் சாமியைப் பஸ்ஸை விட்டு இறங்கவே விடாமல் டாட்டா காட்டுகிறார்கள்.

பாட்டு முடிந்ததும் ஒருவனைக் கூப்பிட்டு, யாரப்பா இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "இன்னா பெரியப்பா இப்டி கேக்கறீங்க, இது உங்க பாணியாச்சே" என்றான். எனக்கு விருது கொடுத்தபோது பேப்பரில் வந்திருந்ததாம். யாரோ ஒருவர் அதைக் காணொளியில் விளக்கி, பழங்காலத்து முறை, இந்த மனிதர் ஒருவர்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்று கண் கலங்கியிருக்கிறார்.

அது பழங்காலத்து முறையும் இல்லை, என் பாணியும் இல்லை. நம் செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் ஒரு சாயங்காலம், ஒரு பெண்ணுக்காக அவசரத்தில் செய்த காரியம். அந்தப் பெண்ணின் பிழைப்பு சம்பந்தப்பட்டது என்பதால் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போது மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். என் பேரை மட்டும் போடாதீங்க, மத்தபடி சொல்லிக்கங்க என்று போனில் சொல்லிவிட்டார். அதனால் சொல்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம்.

எங்கள் வீட்டில் யாரும் பம்பையைத் தொட்டதில்லை. நைனா கரும்பு வெட்டப் போனார், பிறகு நானும் போனேன். பம்பை அடிக்க ஆசைப்பட்டு, கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுப் போன இடத்தில் எல்லாம், போய் வேலையைப் பாருடா என்றுதான் சொன்னார்கள். கற்றுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம், பார்க்காதே என்று சொல்ல முடியாது இல்லையா. அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போய் பம்பைக்காரர்களுக்கு எதிரில் நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து, பார்த்ததை அப்படியே அடித்துப் பழகினேன்.

அதில் ஒரு வில்லங்கம். எதிரில் நின்று பார்த்ததால் எல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எனக்குள் இறங்கிவிட்டது. அவர்கள் வலக்கையில் செய்வது எல்லாம் என் இடக்கையில். இது தெரியாமலேயே பல காலம் அடித்துக்கொண்டிருந்தேன். முதல்முதலாக ஒரு செட்டில் இன்னொருவர் பக்கத்தில் நின்று அடித்தபோது என் குச்சி அவர் முழங்கையில் போய் விழுந்தது. பாட்டு முடிவதற்குள் அவருக்கு முழங்கை வீங்கிவிட்டது. இவன் பம்பை அடிக்க வந்தானா, என்னை அடிக்க வந்தானா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதற்குப் பிறகு எந்தச் செட்டிலும் என்னை ஓரத்தில்தான் நிறுத்துவார்கள்.

ஆனால் எதிரில் நின்று கற்றதில் ஒரு லாபமும் இருந்தது. மற்றவர்கள் பம்பைக்குப் பின்னால் நின்று கற்றார்கள். நான் சாமி வருகிறவர்களுக்கு நடுவில் நின்று, அவர்களிடம் மிதியும் இடியும் வாங்கிக் கற்றேன். யாருக்கு வரப்போகிறது என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். முதலில் கையோ காலோ தாளத்தைப் பிடிக்கும். அது ஒன்றும் பெரிதில்லை, பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்குக் காத்திருப்பவன்கூடத் தாளம் போடுவான். அதற்கப்புறம் உடம்பு தாளத்துக்கு முன்னால் ஓட ஆரம்பிக்கும். நான் அடிக்கப்போகும் அடி, நான் அடிப்பதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் அவர்கள் உடம்பில் விழும். அப்படி முந்திவிட்டால் சாமி கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

இதைச் சொல்வதால் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைக்க வேண்டாம். இத்தனை காலம் கூப்பிட்டும் எனக்கு ஒருநாளும் சாமி வந்ததில்லை. பஸ் கண்டக்டருக்கு வந்திருக்கிறது, வட்டிக்கு விடுகிறவருக்கு வந்திருக்கிறது, வேடிக்கை பார்க்க வந்த கல்லூரிப் பெண்ணுக்கு வந்திருக்கிறது. எனக்கு வியர்வைதான் வந்தது. வருவது நிஜமா என்று கேட்பவர்களிடம், கொரியர் கொண்டுவருகிறவன் பார்சலைப் பிரித்துப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிடுவேன்.

சாமியைப் பாதியில் விடக் கூடாது என்பதை எனக்கு ஒரு லாரி டிரைவரின் மனைவி கற்றுக்கொடுத்தார். ஆலம்பூண்டிப் பக்கம் ஒரு வீட்டில் பூசை. டிரைவருக்கு அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தபோது திடீரென்று நல்ல மழை. தோல் நனைந்தால் பம்பை போச்சு என்று நான் அணைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கு ஓடினேன். மழை விட்டு வந்து பார்த்தால் அந்த ஆள் போய்த் தன் லாரியில் ஏறி ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இறங்கவில்லை, பேசவில்லை, சோறு கொண்டுபோய்க் கொடுத்தாலும் தொடவில்லை. சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்த அம்மாள் என் வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை. "தோலு நனைஞ்சா வேற தோலு மாத்திக்கலாம். அந்த ஆளுக்கு நான் எங்க போறது?" என்று மட்டும் கேட்டார். போனேன். அவர் இறங்குவதாக இல்லை, அதனால் நானே லாரியில் ஏறி, கிளீனர் சீட்டில் உட்கார்ந்து, மடியில் பம்பையை வைத்துக்கொண்டு மலையேற்றுப் பாட்டைப் பாடினேன். பாதிப் பாட்டில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, யார் நீ, என் வண்டியில் என்ன வேலை என்று அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு அவர் மனைவி அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த அம்மாளின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்குக் குரு என்று யாரையாவது சொல்ல வேண்டும் என்றால் அவரைத்தான் சொல்வேன்.

இனி கோட்டைக் கதைக்கு வருகிறேன்.

செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் கிடைத்த பிறகு அடிவாரத்தில் ஒரு கலைவிழா வைத்தார்கள். அதே சமயத்தில் ஒரு கலை அமைப்புக்காரர்கள், யாரிடமும் கற்காமல் தானாகக் கற்ற கிராமத்துக் கலைஞர்களுக்கு விருது கொடுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். விழாவில் நான் அடிப்பதைக் குழு வந்து பார்க்கும், பார்த்துவிட்டு முடிவு செய்யும் என்றார்கள். கோட்டைக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் மவுசு வந்தது. கோட்டை என்னைவிட மூத்தது என்பதால் அது அலட்டிக்கொள்ளவில்லை. நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன். என்னோடு உடுக்கை அடிக்கும் என் மச்சான் ஏழுமலை என்னைவிட அதிகமாக அலட்டிக்கொண்டான். விருது எனக்குத்தான், ஆனால் புதுச் சட்டை அவன் எடுத்தான்.

மேடையில் எங்களுக்குக் கொடுத்த நேரம் கொஞ்சம்தான். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வந்து, சுற்றி வளைக்க வேண்டாம், நேராக உச்சத்துக்குப் போய்விடுங்கள் என்றார். சாம்பாரை விட்டுவிட்டு நேராகப் பாயசத்துக்கு வா என்கிற மாதிரி. நானும் சரி என்று தலையாட்டினேன். பெரிய மேடையில் நிற்கும்போது தலை தானாக ஆடிவிடுகிறது, நீங்களும் ஜாக்கிரதையாக இருங்கள்.

காப்பு பாடினேன். உடனே சாமியை வரச் சொல்லும் அழைப்புப் பாட்டை எடுத்தேன். வீட்டுப் பூசையில் இதற்கு வந்து சேரவே வெகுநேரம் ஆகும். முன்வரிசை சோபாவில் அதிகாரிகள், அவர்கள் பக்கத்தில் விருதுக் குழு, பின்னால் சனம், சனத்தின் கையில் எல்லாம் போன். மேடைக்குக் கீழே, எங்களுக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்தபடி ஒரு பெண் போலீஸ் நின்றுகொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை என்பது சட்டை மடிப்பிலேயே தெரிந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டி, அதில் ஒரு லத்தியைப் பிடித்திருந்தார். அவருடைய மேலதிகாரிகள் நேர் எதிரில் சோபாவில்.

அந்தப் பெண்ணின் கட்டைவிரல் லத்தியின் மேல் தாளம் போட்டது. யாருக்கும்தான் போடும் என்று விட்டுவிட்டேன். இரண்டு சுற்றுக்குப் பிறகு பார்த்தால் விரல் என்னை முந்திவிட்டது.

பூட்ஸ் போட்ட கால், குதிகால் லேசாகத் தூக்குகிறது. தொப்பிக்குக் கீழே கழுத்து வியர்த்துக் கொட்டுகிறது. இன்னும் கொஞ்சம் அடித்தால் தொப்பி ஒருபக்கம், லத்தி ஒருபக்கம், யூனிபாரத்தோடு அந்தப் பெண் ஆடும். அத்தனை போனும் அவர் பக்கம் திரும்பும். பொழுது சாய்வதற்குள் ஊர் உலகம் எல்லாம் பார்த்துச் சிரிக்கும், மேலே இருப்பவர்கள் விளக்கம் கேட்பார்கள். நான் சட்டென்று நிறுத்தினால் அதைவிட மோசம், லாரி டிரைவர் கதை. இங்கே ஏறி உட்கார லாரியும் இல்லை.

அழைப்பை விட்டுவிட்டு மலையேற்றுப் பாட்டுக்கு மாறினேன். இன்னும் வந்து சேராத சாமியை வழியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவது என்று ஒரு வழக்கமே கிடையாது. நடக்குமா என்று எனக்கும் தெரியாது. பழைய வரிகள் உதவாது என்பதால் வாய்க்கு வந்ததைக் கட்டிப் பாடினேன்:

"போய்வா தாயே போய்வா
காவல் நிக்கிற பிள்ளையம்மா
கால் கடுக்கிற பிள்ளையம்மா
இந்த எடம் வேணாந் தாயே
இன்னொரு நாளு வாயேம்மா
வாசல் தேடி நான் வருவேன்
வாய் தெறந்து கூப்புடுவேன்"

பக்கத்தில் ஏழுமலை என்னை முறைக்கிறான். "மாமா, இன்னா பண்ற நீ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். விருது போகிறதே என்கிற துக்கம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் கை என் பின்னாலேயே வந்தது. திட்டிக்கொண்டே தாளம் தவறாமல் அடிக்க அவனால்தான் முடியும். நான் அடியைத் தணித்துத் தணித்துக் கொண்டுவந்தேன். அந்தக் கட்டைவிரல் மெல்ல என் தாளத்துக்கு வந்தது, பிறகு பின்தங்கியது, பிறகு நின்றது. குதிகால் தரைக்கு வந்தது. அந்தப் பெண் தலையை மட்டும் திருப்பி என்னை ஒருமுறை பார்த்தார். நிம்மதியாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். கடுகடுவென்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மிச்ச நேரத்துக்கு, அழைப்பு எதுவும் இல்லாமல் அம்மனின் நகையையும் புடவையையும் வர்ணித்துப் பாடி ஒப்பேற்றினேன். இறங்கும்போது, விருதும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. குழுவின் தலைவராக வந்த பேராசிரியர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர். முதலில் பாடிய துண்டு அழைப்பு அவர் கணக்கிலேயே வரவில்லை போல, மலையேற்றில் தொடங்கி வர்ணிப்பில் முடிக்கும் இந்த முறையை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்றார். நானும்தான் பார்த்ததில்லை. ஏன் அப்படி என்று கேட்டார். அந்தப் பெண் கைக்கெட்டும் தூரத்தில் தன் அதிகாரிகளோடு நின்றுகொண்டிருந்தார். "எங்க பக்கம் அப்டித்தாங்க" என்று சொல்லிவைத்தேன். உங்கள் 'பழங்காலத்து முறை' பிறந்த இடம் அதுதான். ஆதாரம் வேண்டும் என்றால் ஏழுமலையைக் கேளுங்கள், புதுச் சட்டையோடு பக்கத்தில் நின்றான்.

விருது கொடுத்தார்கள். சென்னையில் ஏசி மண்டபம், சால்வை, ஆளுயர மாலை. முதல்முதலாக என்னை நடுவில் நிற்கவைத்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இந்த வயதில் பேர் கிடைப்பதில் ஒரு வசதி, தலைக்கனம் முற்றுவதற்கு நேரம் இருக்காது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் எனக்கு பிளக்ஸ் வைத்தார்கள், அதில் நான் தும்மப்போகிறவன் மாதிரி இருந்தேன். குருவே இல்லை என்று சொன்ன எனக்கு, ஒரே மாதத்தில் ஏகப்பட்ட குருக்கள் முளைத்தார்கள். முழங்கை வீங்கியவரே, அந்தப் பயலை நான்தான் தூக்கிவிட்டேன் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

வந்து பேட்டி எடுத்தவர்கள் எல்லோரும் அந்த மலையேற்றைப் பற்றியே கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு மேடைக்குக் கீழே நின்றது யார் என்று ஊரில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஒரு சிரிப்பு சிரித்துச் சமாளித்தேன். தம்பிகளே, நெருக்கடியில் ஒருவன் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்போது, அவனுக்கு என்ன நெருக்கடி என்று கேட்டுவிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் அந்தப் பெண் ஸ்கூட்டியில் என் வீட்டுக்கு வந்தார். சுடிதார் போட்டிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறது போல என்று எண்ணி, உள்ளே டீ வைக்கச் சொல்லிவிட்டு, பெரிய மனுசன் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். அவர் உட்காரவில்லை.

"டெய்லி உங்க பேனருக்குக் கீழதாங்க எனக்கு டிராபிக் டூட்டி. உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து பொறுக்க முடியாமத்தான் வந்தேன். யாரக் கேட்டு அன்னிக்கி திருப்பி அனுப்புனீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் வேலைக்கு ஆபத்து வந்திருக்குமேம்மா என்றேன்.

"போனா போயிருக்கட்டும். காப்பாத்துங்கன்னு நான் கேட்டனா?"

பிறகு உட்கார்ந்து சொன்னார். வளத்தியைத் தாண்டி உள்ளே தள்ளி அவர்கள் ஊர். அவருடைய அம்மாவுக்குத்தான் அந்த வீட்டில் அங்காளம்மன் வரும். ஊருக்கே அந்த அம்மாள்தான் குறி சொல்வார். போன வருடம் அம்மா இறந்தபோது இவர் எங்கேயோ பந்தோபஸ்தில் நின்றுகொண்டிருந்தார். தகவல் தெரிந்து, மாற்று ஆள் வந்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாமி ஆடுகிறவர் போய்விட்டால் அந்த வீட்டில் வேறு யாராவது ஒருவர் மேல் சாமி இறங்கியாக வேண்டும். பம்பைக்காரர்களை வைத்துப் பார்த்தார்கள், யாருக்கும் வரவில்லை. பெற்ற மகள் முகம் பார்க்காமல் அனுப்பிவைத்த வீடு, சாமி இனி வராது என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவருடைய நைனா அதைக் கேட்டதிலிருந்து யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

"அன்னிக்கி கோட்டையாண்ட கால்லருந்து ஏறுச்சிங்க. அம்மாவுக்கு ஏர்றதப் பாத்திருக்கறேன், அதே மாரி. முட்டிக்கு மேல வந்துடுச்சி. நீங்க தொரத்திட்டீங்க. வாசல் தேடி வந்து கூப்புடறேன்னு பாடுனீங்க இல்ல? வாங்க, வந்து கூப்புடுங்க."

நான் செய்தது சரி. இன்றைக்கு அதே மேடையில் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். அந்தப் பெண் கேட்டதும் சரிதான். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அப்போது வாதாடிக்கொண்டு நிற்காமல் பம்பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அவருக்கு விடுமுறை கிடைத்த ஒரு நாள் காலையில் நானும் ஏழுமலையும் போனோம். போனில் எடுக்கக் கூடாது என்று சொல்லி, வாசல் கதவைச் சாத்திவிட்டார்கள். சொந்தக்காரர்கள் ஒரு இருபது பேர். அவருடைய நைனா சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மஞ்சள் புடவை கட்டி, தலைமுடியை விரித்துவிட்டு, பலகையில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடித்தேன். என் கைவசம் இருந்த எல்லாவற்றையும் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பரீட்சைக்குப் பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி இருந்தார். விரல் தாளத்தோடு வருகிறது, முந்தமாட்டேன் என்கிறது. விருது வாங்கினவரே வந்தும் இப்படியா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஏழுமலை என் முகத்தையே பார்க்கவில்லை. எனக்கு விருதைப் பற்றிய கவலை எல்லாம் போய்விட்டது. இன்றைக்கு வராவிட்டால் இந்த வீட்டில் இனி யாரும் பம்பை வைக்க மாட்டார்கள், அந்தப் பெண்ணுக்கு அது ஆயுசுக்கும் நிற்கும் என்று மட்டும் தெரிந்தது.

அந்த நேரத்தில் அந்தப் பெண்ணின் அத்தைக்கு, அதாவது அவர் நைனாவின் அக்காவுக்கு, சாமி வந்தது. வரவில்லை என்பது எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். கால் என் அடிக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்தது. தம்பி வீட்டு மானத்தை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று அந்த வயதில் பாவம் மூச்சு வாங்க ஆடினார். நான் தலையாட்டிவிட்டால் போதும். கற்பூரம் ஏற்றி, மலையேற்றிவிட்டு, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நானும் பேரோடு வீடு திரும்பியிருப்பேன். நம் தொழிலில் அப்படி முடிந்த பூசைகள் உண்டு, அதைக் குறை சொல்லவும் மாட்டேன்.

பலகையில் இருந்த பெண் கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தலையாட்ட எனக்கு மனசு வரவில்லை. அத்தையை மரியாதையாக வணங்கி, பெரியவங்க நீங்க கற்பூரத் தட்டுகிட்ட உக்காருங்க, உங்க துணை வேணும் என்றேன். அவர் விட்டால் போதும் என்று உட்கார்ந்தார்.

அந்தப் பெண்ணுக்குக் கோட்டையில் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். சாமியை எதிர்பார்த்து நிற்கவில்லை, வேலை செய்துகொண்டு நின்றார். "எழுந்திரும்மா" என்றேன். "தலைய முடிஞ்சிக்க. வந்தவங்களுக்கு மோர் மோந்து குடு. இந்தப் பக்கம் திரும்பாத."

என்னது இது என்று கூட்டம் சலசலத்தது. அவர் எழுந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டு, மூலையில் இருந்த மோர்ப் பானையிடம் போனார். நான் காப்பிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தேன். உச்சத்துக்கு ஓடவில்லை. ஊர் எல்லை, கோயில் வாசல், குளத்துப் படி என்று ஒவ்வொன்றாக வர்ணித்து நடந்தே போனேன். அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒருவருக்கு மோர் கொடுத்தார், இன்னொருவருக்குக் கொடுத்தார். அவர் நைனாவுக்கு என்று சொம்பை மொண்டு நிமிர்ந்தபோது, சொம்பைப் பிடித்திருந்த விரல் என்னை முந்தியது.

நான் விடவில்லை. சொம்பு கீழே விழுந்து மோர் என் கால்வரை வந்தது. முடிந்திருந்த முடி தானாக அவிழ்ந்தது. கூட்டத்தில் பெண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தார்கள், அதில் அத்தையின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. சாமி சுற்றி ஆடி வந்து என் எதிரில் நின்று, விரலை நீட்டி, அந்தப் பெண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தடித்த குரலில் கேட்டது:

"எல்லாரும் பாக்க என்னத் தொரத்திட்டு, நீ மால போட்டுக்கினியா?"

"போட்டுக்கினேன் தாயே" என்றேன். வேறு என்ன சொல்வது. ஏழுமலை உடுக்கைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திரும்பிக்கொண்டது.

நைனா நாற்காலியிலிருந்து எழுந்தார். மோரில் வழுக்கியபடியே வந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு மகளுக்கு முன்னால் நின்றார். அந்த வீட்டில் அவர் அதிகம் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது.

"இத்தினி நாளா எங்கம்மா போயிருந்த?" என்று கேட்டார்.

ஆட்டம் நின்றது. அவரையே பார்த்தது. தடித்த குரல் போய், வேறு ஒரு குரல் வந்தது.

"டூட்டில நின்னுகினு இருந்தேன். வுட்டு வர முடியல."

அதைக் கேட்டதும் அவர் அந்தப் பெண்ணின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். யார் வந்திருக்கிறது என்று பம்பைக்காரன் அப்போது கேட்க வேண்டும், அதுதான் முறை. நான் கேட்கவில்லை. தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டே நின்றேன்.